இன்னும் 4 நிமிடம்

ஓட்டோ ஒன்றுக்குச் சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்த்தால் வரைபடத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை வரும். சாரதியின் பெயர், படம், வாகன இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். கண் போய் நிற்பது மட்டும் ஓர் எண்ணில்: இன்னும் 4 நிமிடம். ஏறி உட்கார்ந்தபின் அந்தப் பயணத்தை இன்னொருவருக்கு அனுப்பவும் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வீட்டிலிருப்பவரின் கைபேசிக்கு ஓர் இணைப்புப் போகும். வாகனம் எங்கே வருகிறது, எப்போது வந்துசேரும் என்பதை அவர் தன் திண்ணையிலிருந்தே பார்ப்பார்.

செயலிகளில் இதைவிடப் பெரிய வசதிகள் எத்தனையோ உண்டு. எனக்கு இதன்மேல்தான் தனிப் பிரியம். வாகனத்தில் வருபவருக்கு யன்னல் இருக்கிறது. எங்கள் ஊருக்குத் திரும்பும் மல்லாகம் சந்தி வந்ததை அவர் தன் கண்ணாலேயே காண்பார். காத்திருப்பவருக்கு அந்த எண்ணைவிட்டால் வேறொன்றும் இல்லை. இன்னும் வந்துசேராதவருக்காக அது அவரோடு பேசுகிறது. எப்படிப் பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று எங்கோ யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையின் நுணுக்கம் பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போகிறது.

எங்கள் ஊரான அளவெட்டிக்கு வாகனம் இரண்டு வகையாக வரும். யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு, காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம் கடந்து, மல்லாகத்தில் மேற்கே திரும்பி வருகிற ஓட்டோவும் காரும் ஒரு வகை. ஏறக்குறையப் பத்துக் கட்டைத் தூரம். மற்றது, கட்டுநாயக்காவில் விடியப்புறம் இறங்கியவரை ஏற்றிக்கொண்டு, வவுனியாவுக்கு வந்து ஏ9 வீதியால் வடக்கே ஓடிவருகிற வான். யாழ்ப்பாண நகரில் ஓட்டோ பிடிக்க பிக்மீ இருக்கிறது. அதை ஜிஃப்ரி சுல்ஃபர் 2015இல் கொழும்பில் தொடங்கினார். ஊபரும் அதே ஆண்டில்தான் இலங்கைக்கு வந்தது. நெடுந்தூர வானுக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை. வானில் வருபவரே கூகிள் வரைபடத்தில் அல்லது வாட்ஸ்அப்பில் தன் பயணத்தைப் பகிர்ந்துவிடுவார். நான் சொல்ல வருவது எந்த ஒரு நிறுவனத்தின் பெருமையையும் அல்ல. இவை எல்லாவற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற நல்ல கைவேலையைத்தான்.

முதலில் அந்த எண்ணைச் சொல்லும் விதம். கணினி தன் கணக்கைச் செக்கன் வரை வைத்திருக்கும். ஆனாலும் 4 நிமிடம் 37 செக்கன் என்று திரையில் காட்டுவதில்லை. செக்கனைக் கண்டால் அந்தத் துல்லியத்தை நாம் அப்படியே நம்பிவிடுவோம். வீதியோ அப்படி நம்பத்தக்கது அல்ல. மினிபஸ் ஒன்று நடுவீதியில் ஆளை இறக்கும், ரயில் கடவை மூடும், ஆடுகள் குறுக்கே போகும். அதனால் நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாத அடக்கம் அது.

நிமிடமா மணியா என்பது அதைவிட நுட்பமான கேள்வி. வான் மதவாச்சியில் வரும்போது "இன்னும் 197 நிமிடம்" என்று சொன்னால் அடுப்படியில் நிற்பவருக்கு அதால் என்ன பயன்? "பிற்பகல் 1.40" என்றால் எத்தனை மணிக்கு அரிசி களைவது, எப்போது மீனைக் குழம்பில் போடுவது என்று மனம் தானாகவே கணக்குப் பார்த்துவிடும். அதே வான் மல்லாகத்துக்கு வந்துவிட்டால் 1.40 உதவாது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, கழித்து, எத்தனை நிமிடம் என்று தாமே கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் "6 நிமிடம்" என்று சொல்லவேண்டும். படலையைத் திறந்து வைக்கலாம், நாயைப் பிடித்துக் கட்டலாம். கூகிள் வரைபடம் வழிகாட்டும்போது மீதி நிமிடம், மீதித் தூரம், வந்துசேரும் மணி மூன்றையும் ஒரே பட்டையில் வைக்கிறது. ஓட்டுபவருக்கு மூன்றும் வேண்டும். வீட்டில் இருப்பவருக்கு அனுப்பும்போது தூரத்தை நான் எடுத்துவிடுவேன். எத்தனை கிலோமீற்றர் என்று தெரிந்து அவர் செய்யப்போவது எதுவுமில்லை. தூர நிற்கும்போது மணியும் கிட்ட வந்ததும் நிமிடமுமாக, அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் தானே நடக்க வேண்டும்.

மணி என்றால் எந்த ஊர் மணி? அளவெட்டியில் பிறந்த எத்தனையோ பேர் இன்று ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அம்மா ஓட்டோவில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இணைப்பு அங்கே இருக்கும் மகளுக்குப் போகிறது. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னே, மாரியில் பத்தரை. காலை 9.10க்கு அம்மா போய்ச் சேருவார் என்றால், கோடையில் மகளின் சுவரில் அப்போது முதல் நாள் இரவு 11.40. இணைப்பைத் திறக்கிற கருவியின் நேரத்தில் காட்டுவதா, ஓட்டோ ஓடுகிற ஊரின் நேரத்தில் காட்டுவதா என்று வடிவமைப்பவர் முடிவெடுத்தே ஆகவேண்டும். நிமிடத்தில் சொன்னால் இந்தச் சிக்கலே எழாது. அளவெட்டியின் 12 நிமிடமும் ரொறன்ரோவின் 12 நிமிடமும் ஒன்றுதான்.

நாட்டுக்குள்ளேயே இரண்டு நேரங்கள் இருந்ததையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1996இல் அரசு மணிக்கூட்டை முன்னே நகர்த்தியது; விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை அந்த வித்தியாசம் இருந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஓமந்தை தாண்டி அந்தப் பகுதிக்குள் போகும்போது அரை மணித்தியாலம் பின்னே போய், முகமாலை தாண்டி வெளியே வரும்போது அரை மணித்தியாலம் முன்னே வந்தார்கள். அந்த வன்னிப் பகுதிக்குள் நிற்பவர் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொன்னாலும், எந்த நேரத்துக்கு என்று திருப்பிக் கேட்கவேண்டிய காலம் அது.

அடுத்தது, எண் துள்ளாமல் இருப்பது. இதன் அருமை, துள்ளும் எண்ணைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 4, 6, 5, 7, 4 என்று திரை மாறிக்கொண்டிருந்தால் பார்த்துக்கொண்டிருப்பவரின் மனமும் அதோடு அலையும். ஆனால் அடியில் ஓடும் கணக்கு உண்மையிலேயே துள்ளத்தான் செய்கிறது. சாரதியின் கைபேசி, நிலத்துக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கேட்கிறது. குறைந்தது நாலு செய்மதிகளிடமிருந்து சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 30 சென்ரிமீற்றர் பிசகும். ஓட்டோ எப்போது வரும் என்ற கேள்விக்கு விடை, அந்தச் சமிக்ஞை எப்போது வந்தது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுப் பாவனைக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீற்றர் வரை தவறக்கூடும். நூறு மீற்றர் என்றால் அளவெட்டியில் அடுத்த ஒழுங்கை. சில இடத்தில் அதற்கும் அடுத்த ஒழுங்கை. இன்று பிசகு சில மீற்றருக்குள் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஒழுங்கைகள் லேசில் பிடிபடுபவை அல்ல. ஒரு வளவு அகலம்தான் இடைவெளி. இரண்டு பக்கமும் மதில் அல்லது வேலி. மேலே மாவும் பலாவும் பனையும். ஒற்றைப் புள்ளியை வைத்து வாகனம் எந்த ஒழுங்கையில் நிற்கிறது என்று சொல்ல முடியாது.

இதற்கு 2009இல் மைக்ரோசொஃப்ற் ஆய்வாளர்களான போல் நியூசனும் ஜோன் க்ரம்மும் ஓர் அழகான முறையை விவரித்தார்கள். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே எடுத்துக் கிட்டிய வீதியில் கொண்டுபோய் ஒட்டுவதில்லை. வந்த புள்ளிகளை ஒரு வரிசையாகப் பார்க்கிறார்கள்; வாகனம் ஓடியிருக்கக்கூடிய வழிகளில் எந்த வழி அந்த முழு வரிசைக்கும் இசைகிறது என்று தேடுகிறார்கள். மதிலைப் பாய்ந்து பக்கத்து ஒழுங்கைக்குள் ஓட்டோ போகாது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியும். ஒரு புள்ளி வளவுக்குள் விழுந்தாலும், முன்னால் வந்த புள்ளிகள் அதை இழுத்து வீதியில் விடும்.

கணக்கு அடங்கியபின் திரைக்கும் ஒரு பொறுமை வேண்டும். 4 என்று சொன்னபின் உள்ளே நாலரை ஆனால் திரை 4லேயே நிற்கலாம். ஏழு ஆகிவிட்டால் மறைக்கக் கூடாது. உடனே 7 என்று சொல்ல வேண்டும். எது பொறுத்துக்கொள்ளக்கூடிய மாற்றம், எது சொல்லியே ஆகவேண்டிய மாற்றம் என்று கோடு கிழிக்கிற இடத்தில்தான் வடிவமைத்தவரின் ருசி தெரிகிறது.

கணிப்பைப் பற்றி ஒன்று. 2022இல் ஊபர் பொறியியலாளர்கள் டீப்ஈடிஏ என்ற தங்கள் முறையை விவரித்தார்கள். அதில் என்னைக் கவர்ந்தது அதன் பணிவு. வீதிகளின் நீளத்தையும் வேகத்தையும் வைத்து நேரம் சொல்கிற பழைய கணக்கை அவர்கள் தூக்கி எறியவில்லை. அது சொன்ன நேரத்துக்கும் வாகனம் உண்மையில் எடுத்த நேரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும், நடந்து முடிந்த பயணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது புதிய முறை. வரைபடம் அறியாததைப் பயணங்கள் அறியும். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி எந்த வானும் நிற்காமல் வராது என்று ஏ9 வீதியின் வரைபடத்தில் எழுதியிருக்கவில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். வீட்டிலிருக்கும் பெரியம்மாவுக்கு இது தெரியும். புள்ளி அங்கே அசையாமல் நிற்பதைக் கண்டால் "முறிகண்டியில நிக்கினம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்ப்பார். ஓடி முடிந்த பயணங்களிலிருந்து கற்கிற கணக்குக்கும் இந்தத் தரிப்பைத் தானாக அறிய வழி இருக்கிறது. பெரியம்மாவின் அறிவுக்கு அது இன்னும் ஒரு படி கீழேதான். ஆனால் அதே திசையில் போகிறது.

அதே முறையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. முந்தி வருவதையும் பிந்தி வருவதையும் ஒரே அளவு பிழையாக அவர்கள் எடுக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முந்தி வந்தால் ஒரு விளைவு, இரண்டு நிமிடம் பிந்தினால் வேறு விளைவு. எந்தப் பக்கப் பிழை கூடுதலாக நோகும் என்று தேவைக்கேற்பத் திருப்பி வைக்கலாம். கோவிலுக்கு வெளிக்கிட்டுப் படலையடியில் நிற்பவருக்கு, ஓட்டோ முந்தி வந்தால் சந்தோஷம், பிந்தினால் பூசை தவறும். குளித்துக்கொண்டிருப்பவருக்கு முந்தி வருவதே சங்கடம். பிழைக்கும் முகம் உண்டு, அது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று ஒரு கணிதச் சமன்பாட்டுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசித்தபோது எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அளவெட்டி தவிலும் நாதஸ்வரமும் விளைந்த ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்ததும் என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம் ஒலித்ததும் இங்கேதான். திருவிழாவில் தனித்தவில் நடக்கும்போது சுற்றி நிற்கும் சனம் தொடையில் தாளம் போட்டபடி ஒன்றுக்காகக் காத்திருக்கும்: கோர்வை எடுப்பில் வந்து விழும் இடம். வித்துவான் எங்கோ போய்ச் சுற்றுவார், நடையை மாற்றுவார், வழி தவறிவிட்டாரோ என்று நினைக்கும் வேளையில் கச்சிதமாக இடத்துக்கு வந்து சேருவார். அரை அட்சரம் தப்பினாலும் சனத்துக்குத் தெரியும். வந்துசேரும் நேரத்தைக் கணிக்கிற கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோர்வைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு வித்தியாசம்: வித்துவானுக்குத் தாளம் மாறாது, எடுப்பு அசையாது. வீதியில் ஓடும் வாகனத்துக்குத் தாளமே ஒவ்வொரு சந்தியிலும் மாறுகிறது. ஆகவே முதலில் ஒருமுறை போட்ட கணக்கை நம்பி இருக்க முடியாது. ஒவ்வொரு சில செக்கனுக்கும் புதிதாக எண்ணி, அப்படி எண்ணுவது வெளியில் தெரியாமல் இறங்கி வர வேண்டும்.

வரைபடத்தில் ஊர்ந்து வரும் அந்தச் சின்ன வாகனப் படத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதன் அழகு எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. வாகனத்தின் இடம் சில செக்கனுக்கு ஒருமுறைதான் வந்துசேர்கிறது. நடுவில் உள்ள இடைவெளியைப் படம் வழுக்கிக்கொண்டு நிரப்புகிறது. சந்தியில் திரும்பும்போது முகமும் திரும்புகிறது. வருகிறது என்று மனம் நம்ப அந்தத் திரும்பல் ஒன்றே போதும்.

நான் அதிகம் நின்று பார்ப்பது, எண் இல்லாமல் போகும் நேரத்தைத்தான். வன்னிக் காட்டுக்குள் சில இடங்களில் கைபேசிச் சமிக்ஞை அறும். அப்போது புள்ளி என்ன செய்ய வேண்டும்? கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றால் வாகனம் பழுதாகி நிற்கிறதோ என்று வீடு பதறும். கணக்குப் போட்டுத் தானே முன்னே நகர்ந்தால் அது பொய். நல்ல வடிவமைப்பு இரண்டையும் செய்யாது. கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டி, அது எத்தனை நிமிடத்துக்கு முந்திய செய்தி என்று பக்கத்தில் எழுதும். கூகிள் வரைபடத்தில் ஒருவர் தன் இடத்தைப் பகிரும்போது அவரது கைபேசியில் எவ்வளவு பற்றரி மிச்சம் என்பதும் பார்ப்பவருக்குத் தெரியும். முதலில் பார்க்கையில் அது தேவையில்லாத விபரமாகவே பட்டது. பிறகுதான் விளங்கியது. 6 வீதம் என்று காட்டியபின் புள்ளி மறைந்தால், பற்றரி போய்விட்டது என்று தாய் தன்னைத் தேற்றிக்கொள்வாள். 80 வீதம் இருந்து மறைந்தால் சாரதிக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பார்ப்பாள். மௌனத்துக்கான காரணத்தை மௌனம் வருமுன்பே சொல்லி வைத்துவிடுகிறது அந்தச் சின்னப் படம். அதை அங்கே வைக்க வேண்டும் என்று முதலில் நினைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. காத்திருந்து பார்த்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஊரில் காத்திருப்புக்கு ஒரு கனம் இருக்கிறது. 1990இல் போரால் ஆனையிறவு வழி அடைபட்டபின் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து வந்தார்கள். மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கொழும்புக்குப் போனவர் இன்று வருவாரா நாளைக்கு வருவாரா என்று யாரும் சொல்ல முடியாது. படலை திறக்கும் சத்தம்தான் செய்தி. 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டபோது அந்தக் காத்திருப்பு திரும்பியும் வந்தது. அப்படிக் காத்திருந்தவர்களே இன்று பெரியம்மாக்களாகவும் அம்மம்மாக்களாகவும் இந்தத் திரையைக் கையில் வைத்திருக்கிறார்கள். புள்ளி பரந்தனைத் தாண்டி ஆனையிறவுக்கு மேலே ஊர்வதை அவர்கள் பார்க்கிற பார்வைக்கு, இந்த வசதியைச் செய்த யாரும் எதிர்பார்த்திராத ஆழம் இருக்கிறது.

பார்ப்பவர்மீது காட்டிய கரிசனம் இணைப்பிலும் தெரிகிறது. ஊபரில் பயணத்தைப் பகிர்ந்தால் அதைப் பெறுபவரிடம் அந்தச் செயலி இருக்க வேண்டியதில்லை. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டால் போதும். உலாவியிலேயே வரைபடம் திறக்கும். பதிவு செய், கடவுச்சொல் கொடு என்று அறுபது வயதுக்கு மேற்பட்டவரை வாட்டாத அந்த வாசல் பெரிய விஷயம். திறந்தபின்னும் அவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை. பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்த வாசல் தானாக மூடுவதும் சமமான அழகு. கூகிளில் பயணத்தைப் பகிர்ந்தால் சேர வேண்டிய இடம் வந்ததும் பகிர்வு நின்றுவிடும். வாட்ஸ்அப் 2017 ஒக்ரோபரில் நேரடி இடப்பகிர்வைக் கொண்டுவந்தபோது 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்றே தெரிவுகளைத் தந்தது. நிரந்தரமாக என்ற தெரிவு அங்கே இல்லை. கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வர ஏறத்தாழ 8 மணித்தியாலம் என்பது தற்செயல்தான். ஆனாலும் எங்கள் வான்களுக்கு அளந்து தைத்ததுபோல அது பொருந்திவிட்டது. முடிவு நேரம் இல்லாத பகிர்வு மெல்ல மெல்லக் கண்காணிப்பாகும். சோதனைச் சாவடிகளில் எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய் என்று ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லிப் பழகிய மண் இது. தான் எங்கே நிற்கிறேன் என்பதைத் தன் விருப்பத்தோடு, தனக்கு வேண்டியவருக்கு, வேண்டிய நேரம் வரைக்கும் சொல்வதும், அது முடிந்ததும் முடிந்தது என்று இருப்பதும் இங்கே வெறும் வசதி அல்ல, மரியாதை. சேர்ந்தபின்னும் அணையாத புள்ளியை எந்தச் செயலியில் கண்டாலும் அதை நான் பிழையான வடிவமைப்பு என்றே சொல்வேன்.

பேசாமல் இருக்கிற கலையை அப்பிள் நன்றாகச் செய்திருக்கிறது. 2019இல் ஐஓஎஸ் 13.1ஓடு அதன் வரைபடத்தில் வந்துசேரும் நேரத்தைப் பகிரும் வசதி வந்தது. புறப்படும்போது ஒரு செய்தி போகிறது. வீதி நெரிசலால் குறிப்பிடத்தக்க அளவு பிந்தினால்தான் மறுபடி ஒன்று போகிறது. நடுவில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கைபேசி அலறுவதில்லை. இரண்டாவது செய்தி வரவில்லை என்பதே எல்லாம் சரியாக நடக்கிறது என்ற செய்தி. வேலை செய்துகொண்டு காத்திருக்கிற மனிதரை இப்படித்தான் நடத்த வேண்டும்.

இனி மிஞ்சுவது கடைசி ஐந்நூறு மீற்றர். எவ்வளவு நுட்பமான கணக்கும் எங்கள் ஊரில் தடுமாறுகிற இடம் அது. திரை 1 நிமிடம் என்று காட்டி அங்கேயே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடிக்கும்.

"அக்கா, சந்தியில நிக்கிறன். இனி எந்தப் பக்கம்?"

"கோயிலைத் தாண்டி வாங்கோ தம்பி. தேர்முட்டிக்குப் பக்கத்தால வலக்கைப் பக்கம் ஒரு ஒழுங்கை போகும். அதில மூண்டாவது படலை. நான் வெளியில நிக்கிறன்."

இந்தப் பேச்சைச் செயலியின் தோல்வி என்று நான் நினைப்பதில்லை. எண்ணுக்குப் பக்கத்திலேயே அழைப்புப் பொத்தானை வைத்தவர்கள் இதை அறிந்தே வைத்திருக்கிறார்கள். கணக்கு முடிகிற இடத்தில் குரலுக்கு இடம் விட்டது நல்ல தீர்மானம். கடைசிக் கட்டத்தில் எண்ணையே எடுத்துவிட்டு, வந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் எழுதுகிற செயலிகளும் உண்டு. ஐந்து நிமிடமாக 1 என்று நிற்கிற எண்ணைவிட அது நேர்மையானது.

ஆனால் அந்த அக்கா சொன்னது காற்றோடு போய்விடுகிறது. அதுதான் எனக்குக் குறை. நாளைக்கு வேறொரு தம்பி வருவார், அதே சந்தியில் நிற்பார், அதே கேள்வியைக் கேட்பார். ஏறுமிடத்தோடு சாரதிக்கு ஒரு குறிப்பு எழுத இடம் தருகிற செயலிகள் இருக்கின்றன. அந்தப் பெட்டி அளவெட்டிக்கு இன்னும் பெரிதாக வேண்டும். கோயில், தேர்முட்டி, பள்ளிக்கூட மதில், கிணற்றடி, வாசிகசாலை என்று இங்குள்ளவர்கள் வழி சொல்கிற முறையிலேயே எழுத விட வேண்டும். எழுதத் தயங்குபவர் சொல்ல, கேட்டுப் பதிந்துகொள்ளவும் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே இரண்டாவது வரியில் வெட்டுப்படாமல் இருக்க இடமும் விட வேண்டும். ஒருமுறை சொன்னதை அந்தப் படலையோடு சேர்த்து நினைவில் வைத்து, வீட்டுக்காரர் சம்மதித்தால், அடுத்து வருகிற சாரதியின் திரையில் அது தமிழிலேயே விழவேண்டும். மல்லாகத்தில் அவர் மேற்கே திரும்பும்போதே விழுந்துவிட்டால் இன்னும் நல்லது.